மாமியார் எண்ணெயும் பங்காளி எண்ணெயும்

வாலாஜாபாத்தைத் தாண்டி இருக்கிற ஒரு மசகு எண்ணெய்க் கம்பெனியில் புவனேஸ்வரிக்குக் கலவைத் தொட்டியில் வேலை. லாரியில் வந்து இறங்கும் எண்ணெய்களுக்கெல்லாம் அங்கே ஆளுக்கொரு நம்பர் உண்டு. புவனேஸ்வரி ஒரு நாளும் எந்த எண்ணெயையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேன் மாதிரி கெட்டியாக, அசைய மாட்டேன் என்று அடம்பிடித்து இறங்குகிறதே, அது அவளுக்கு மாமியார். குழாயில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற மெல்லிசு எண்ணெய் மாப்பிள்ளை. டப்பாவில் கொஞ்சமாக வரும் கூட்டு மருந்து சீர்வரிசை.

"மாமியாரை மொதல்ல உள்ள உடணும். சூடு காட்டிக் கலக்கிக்கினே இருந்தா கோவம் எறங்கும். அப்பறம் மாப்பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பணும். ஒரேடியா அனுப்பினா ஆளுக்கொரு மூலையில நிப்பாங்க. சீரு கடைசியா. எடுத்த எடுப்புல சீரைக் காட்டினா அத்தோட கல்யாணம் நின்னுது" என்பாள். ஆய்வகத்தில் இருக்கிற தேவிப்ரியா, எம்.எஸ்சி. படித்த பெண், இதைக் கேட்டு மூக்கில் டீ ஏறச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, சம்பந்தம் நல்லா அமைஞ்சிருக்குது" என்று சொல்வாள். அது சரி என்பதற்கு அடையாளம்.

இந்த எண்ணெய்களெல்லாம் கச்சா எண்ணெய் என்கிற ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தேவிப்ரியாதான் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு புவனேஸ்வரியைப் பிடிக்க முடியுமா? பெட்ரோல், வீடு தங்காத பெரியவன். மூடியைத் திறந்தால் பறந்துவிடுவான். மண்ணெண்ணெய் அடுத்தவன், டீசல் உழைப்பாளி. தார், அம்மாவை விட்டு நகராத கடைக்குட்டி. "கூடப்பிறந்ததுங்க. எப்படிப் பிரிச்சாலும் மறுபடி சேர்ந்துக்கும்" என்று சொல்லிச் சொல்லி, எண்ணெய் என்றாலே சேரும் என்று அவள் மனத்தில் பதிந்துபோயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புவனேஸ்வரி பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே. அப்பா சபாபதி பட்டு நெய்தவர். அவளும் கல்யாணம் ஆகும் வரைக்கும் தறியில் உட்கார்ந்தவள்தான். ஆனால் ஒரு சிரிப்பு வந்துவிட்டால் அவளுக்கு உடம்பே குலுங்கும்; குலுங்கினால் இழை அறும். "உன்னை உட்கார வச்சா பாவு பூரா முடிச்சாயிடும்டி" என்று அப்பாவே எழுப்பி அனுப்பிவிடுவார். அடுத்த தெருவில் சாயப் பட்டறை வைத்திருந்த குமரகுருவுக்கு வாழ்க்கைப்பட்டாள். நாத்தனார் அந்தக் கம்பெனியில் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனவள், சீட்டு ஒட்டி, டப்பா நிரப்பி, கலவைத் தொட்டியின் ஏணியில் ஏறி நின்றுவிட்டாள். அங்கே எவ்வளவு குலுங்கினாலும் ஒன்றும் அறாது.

சபாபதியின் தெருக் கோடியில் ஒரு சின்ன முருகன் கோயில். அதற்கு ஒரு சின்ன மரத்தேர். மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவர் உயரம்தான் இருக்கும். ஆனால் அதற்கு உள்ள மரியாதைகளை எழுதினால் பெரிய கோயிலுக்குக்கூட அவ்வளவு இருக்காது. கயிறு ஒரு வீட்டு உரிமை, குடை ஒரு வீட்டு உரிமை, முட்டுக்கட்டை ஒரு வீட்டு உரிமை. சக்கரம் சுழல்கிற தேர் இருசுக்கு எண்ணெய் வார்க்கிறது சபாபதி வீட்டு உரிமை. சபாபதியின் தாத்தாவுக்கு மாகறலிலிருந்து பெண் எடுத்தார்கள். அந்த அம்மாள் சீதனத்தோடு ஒரு குடம் விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். அந்த வருஷம் கிறீச்சிட்டு நின்ற தேர் அந்த எண்ணெயில்தான் ஓடியது. அன்றிலிருந்து பங்காளி வீடு ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொண்டுவரும். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வார்க்கிற கை சபாபதி வீட்டுக் கை. ஒரு வீட்டுக் கிண்ணம் விட்டுப்போனால் அந்த வீட்டை ஒதுக்கிவைத்த மாதிரி.

சபாபதி போன தை மாதம் காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை, புவனேஸ்வரி ஒரே பெண். கேள்வி எழுந்தது. எழுப்பியவர் சபாபதியின் பங்காளித் தம்பி கைலாசம். சபாபதி மூத்தவர் வழி, கைலாசம் இளையவர் வழி. கெட்ட மனிதர் இல்லை. புவனேஸ்வரியைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர்தான். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் சொந்த நிழலோடும் வழக்குப் பேசுவார்.

"நீ என் பொண்ணு மாதிரிமா. இல்லேங்கல. ஆனா கட்டிக்குடுத்த பொண்ணு வேற வூடு. எண்ணெய் உரிமை வேற வூட்டுக்குப் போவலாமா?"

"வேற வூடு எங்க சித்தப்பா இருக்குது? அடுத்த தெரு. இங்கயிருந்து கத்தினா அங்க பதில் சொல்லுவேன்."

"தூரத்தைப் பத்தி இல்லமா, முறையைப் பத்தி."

பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். இந்த வருஷம் புவனேஸ்வரியே வார்க்கட்டும். தேர் தானாக எங்கேயும் நிற்காமல் நிலைக்கு வந்துவிட்டால் உரிமை அவளுக்கும் அவள் வாரிசுக்கும். வழியில் நின்றுவிட்டால் கைலாசம் வீட்டுக்கு.

கேட்டதும் தெருவே சிரித்தது. ஏனென்றால் அந்தத் தேர் நிற்காத வருஷமே கிடையாது. நிற்கிற இடமும் மாறாது: கைலாசம் வீட்டு வாசல். அங்கே சந்து வளைகிறது; சிமெண்ட் ரோடு போட்டவன் ஒரு மேட்டை வேறு விட்டுவிட்டுப் போயிருந்தான். அதுவரைக்கும் வந்த எண்ணெய் அங்கே காய்ந்து, சக்கரம் ஒரு முனகு முனகி உட்கார்ந்துவிடும். "நம்ம வாசலைப் பார்த்தா முருகனுக்குக் காலு வராது" என்று கைலாசம் பெருமையடிப்பார். அவர் சம்சாரம் இந்திராணி இரண்டு பானை மோர் கரைத்துத் தயாராக வைத்திருப்பாள். இழுத்த சனம் மோர் குடிக்கும், கைலாசம் நிதானமாக அர்ச்சனை பண்ணுவார், மறுபடி எல்லோரும் சேர்ந்து தம் கட்டித் தள்ளுவார்கள். அப்படி நிற்கிற தேரை வைத்துத்தான் பந்தயம் கட்டியிருந்தது.

புவனேஸ்வரி அசரவில்லை. கம்பெனியில் கேட்டு, தன் கைப்பட ஒரு கலவை போட்டாள். பாரம் அதிகம், வேகம் குறைவு. அதனால் மாமியார் நிறைய, மாப்பிள்ளை கொஞ்சம். சூடாக்கி, கலக்கி, ஆறவிட்டு, தண்ணீர் கேனில் பிடித்துக் கொண்டுவந்தாள். வெயிலில் வைத்தால் ஜரிகைக்கு ஈடாக மின்னியது. குமரகுரு ஸ்கூட்டரில் அவள் மடியில் கேனை வைத்து, மேடு பள்ளம் பார்த்து, ஏதோ பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிவருகிற மாதிரி ஓட்டிவந்தான்.

தேருக்கு முதல் நாள் மத்தியானம் பங்காளிகள் கிண்ணங்களோடு கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். கைலாசம் கேனைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தார்.

"வாசனையே இல்லியேமா."

"வாசனை எதுக்கு சித்தப்பா, தாளிக்கவா போறோம்?"

"அதெல்லாம் சரி. எங்க கிண்ணமும் இதுல சேரணும். ஒரு வூடு உடக்கூடாது."

"சேராம எங்க போவுது? எண்ணெய்க்கு எண்ணெய். குடுங்க!"

கிண்ணம் கிண்ணமாக அத்தனை விளக்கெண்ணெயையும் கேனில் ஊற்றினாள். சாயப் பட்டறைக் கழியால் குமரகுரு ஒரு கலக்குக் கலக்கினான். கழுநீர் மாதிரி வெளுத்துச் சுழன்றது. கைதட்டினார்கள். ராத்திரி புவனேஸ்வரி வீட்டில் அப்பா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் கோயில் மண்டபத்தில் ஒரே கூச்சல். கேனுக்குள் அடியில் ஒரு எண்ணெய், மேலே ஒரு எண்ணெய். நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சந்திக்கிற இடம்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. கீழே விளக்கெண்ணெய். அதன் தலைமேல் கம்பெனி எண்ணெய், கால்மேல் கால் போட்ட மாதிரி.

"பார்த்தியா! நம்மளுதைக் கீழ போட்டு ஏறி உட்கார்ந்துக்கினு இருக்குது!" என்றார் ஒரு பங்காளி.

"கீழ இருக்கறது பூரா நம்மளுது இல்லப்பா. அந்த அடி மண்டி உங்க வூட்டுது. நீங்கதான் போன வருஷத்து எண்ணெயைக் கொண்டாந்தீங்க."

"யாருது போன வருஷத்துது? செக்குல ஆட்டி நேத்து கொண்டாந்தது!"

பங்காளிகள் கேனைச் சுற்றி உட்கார்ந்து, எந்த வீட்டு எண்ணெய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டி வாதாடினார்கள். கைலாசம் மட்டும் வாதாடவில்லை. துண்டைத் தோளில் சரிபண்ணிக்கொண்டு, "பிரிஞ்ச எண்ணெய் எப்படிமா ஓட்டும்?" என்று வருத்தமாகவே கேட்டார். அந்த வருத்தம்தான் புவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. குமரகுரு கழியைப் போட்டுக் கலக்கிப் பார்த்தான். கலங்கியது, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி அதே கோடு.

புவனேஸ்வரி போனை எடுத்தாள். அந்தப் பக்கம் தேவிப்ரியா கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"அக்கா, விளக்கெண்ணெய் கச்சா எண்ணெய் வயித்துல பொறந்தது இல்லக்கா. செடியில வந்தது. மத்த செடி எண்ணெய்ங்ககூட ஓரளவு ஒட்டும், இது மட்டும் நம்ம எண்ணெய்கிட்ட ஒட்டவே ஒட்டாது."

"சாயங்காலம் தேருடி! சிரிக்கற! இந்தப் பங்காளியைச் சேத்துவைக்க வழியே இல்லியா?"

சிரிப்பு நின்றது. "இருக்குதுக்கா. சுண்ணாம்பு. விளக்கெண்ணெயைச் சுண்ணாம்பு போட்டுக் காய்ச்சினா சோப்பு மாதிரி ஆவும். அப்பறம் நம்ம எண்ணெயை அதுவே உறிஞ்சி வச்சுக்கும். எண்ணெயா இருக்காது, கிரீஸாயிடும். தேருக்கு அதுதான் இன்னும் நல்லது, வழியாது. இருங்க, தெர்மாமீட்டரை எடுத்துக்கினு வரேன்."

அவள் ஸ்கூட்டியில் வந்து சேர்வதற்குள் குமரகுரு பட்டறையில் செப்புக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டான். சுண்ணாம்பு எங்கே? கோயிலுக்கு வெள்ளையடிக்க வாங்கியதில் மிச்சம் ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பு இருந்தது. வெள்ளையடிப்பு உபயம் கைலாசம். மூட்டை அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே. புவனேஸ்வரி போய் நின்றாள்.

"சித்தப்பா, ஒரு படி சுண்ணாம்பு வேணும்."

"எதுக்குமா?"

"உங்களை ஜெயிக்கறதுக்கு."

கைலாசம் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து இந்திராணி, "தேர் நாளும் அதுவுமா இல்லேன்னு சொல்லிடாதீங்க" என்று குரல் கொடுத்தாள். கைலாசம் தன் கையாலேயே படியில் அளந்து, தலை தட்டாமல் குவியலாகக் கொடுத்தார்.

பிறகு நடந்ததைக் கல்யாணச் சமையல் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே நின்ற கம்பெனி எண்ணெயை மொண்டு தனியாக வைத்தார்கள். அடியில் இருந்த விளக்கெண்ணெயோடு கம்பெனி எண்ணெய் கொஞ்சம், தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு, எல்லாம் கொப்பரையில். நுரை பொங்கியது. தெருப் பெண்கள் "ஐயோ பொங்குது, அடுப்பைக் குறை" என்று பாலைப் பார்க்கிற மாதிரி கத்தினார்கள். தேவிப்ரியா தெர்மாமீட்டரைக் கொப்பரையில் தொங்கவிட்டுக்கொண்டு, "தீ ஏறக் கூடாது, பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். குமரகுருவின் கை ஓய்ந்தால் ஒரு பங்காளி, அவன் கை ஓய்ந்தால் இன்னொரு பங்காளி. காலையில் ஆழம் பார்த்துச் சண்டை போட்டவர்கள் இப்போது, "உனுக்குக் கிண்டத் தெரியல, கழியைக் குடு" என்று சண்டை போட்டார்கள்.

களி மாதிரி இறுகியதும் தேவிப்ரியா ஒதுங்கி நின்றுவிட்டாள். "இனிமே உங்க கைக்கா."

இனிமேல் அது புவனேஸ்வரிக்குத் தெரிந்த வேலை. ஒதுக்கி வைத்த எண்ணெயை ஒரு கரண்டி விட்டாள். கிண்டச் சொன்னாள். அது உள்ளே போய் ஒளிந்ததும் அடுத்த கரண்டி. அவசரப்பட்டு ஒருவர் சொம்போடு சாய்க்கப் போனார்; கையில் ஒரு அடி விழுந்தது. சூடு தணிந்து வரும்போது, தேவிப்ரியா கண்ணைக் காட்டினதும், ஒரு கை தண்ணீர் தெளித்தாள். கோடு எங்கே போனது? வெண்ணெய் மாதிரி ஒரே பொருளாகக் கழியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கொப்பரை ஓரத்தில் பழைய ராணிக் கலர் சாயம் ஒட்டியிருந்திருக்கிறது போல. மொத்தமும் இளம் ரோஸ் நிறம்.

"ரோஸ் கிரீஸ்!" என்று தேவிப்ரியா குதித்தாள். "உலகத்துலயே எங்கயும் கிடையாதுக்கா!"

"சரி, இந்தச் சுண்ணாம்பு என்ன முறைக்கா?" என்றும் கேட்டாள்.

"தாய்மாமன்டி. ரெண்டு குடும்பத்தையும் கட்டிப்போட வேற யாரால முடியும்?"

கொப்பரையை ஈரச் சாக்கில் வைத்து ஆறவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் புவனேஸ்வரி முழங்கை வரைக்கும் ரோஸ் நிறத்தோடு தேருக்கு அடியில் புகுந்து, நாலு சக்கரத்து இருசிலும் அப்பினாள். அவள் வெளியே வந்ததும் மேளம் கொட்டினார்கள், கயிறு எழும்பியது.

தேர் கிளம்பிய அழகைப் பார்த்தவர்களுக்குத் தேர் மாதிரியே தோன்றவில்லை. வழக்கமாக ஒரு கிறீச், ஒரு முனகல், ஒரு அரோகரா என்று வரும். இன்றைக்கு அரோகரா மட்டும்தான். கயிறு பிடித்தவர்கள் நடையை எட்டிப்போட வேண்டியிருந்தது. கிழவர்கள் ஓட, நாயனக்காரர் ஊதிக்கொண்டே ஓட, முட்டுக்கட்டை போடுகிற முத்துக்குமார் இரண்டு கட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தோடு ஓடினான். அவன் கைலாசத்தின் மகன். அப்பா ஜெயிக்க வேண்டுமா, அக்கா ஜெயிக்க வேண்டுமா என்று அவனுக்கே தெரியாததால் வேர்த்துக் கொட்டியது. மடப்பள்ளியில் பொங்கலுக்கு இன்னும் வெல்லமே போடவில்லை. ஆளை அனுப்பி அடுப்பை எரியவிடச் சொன்னார்கள்.

சந்து வளைவு வந்தது. கைலாசம் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம். இந்திராணி பக்கத்தில் மோர்ப் பானைகள். கைலாசம் பட்டு வேட்டி கட்டி, அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேர் வளைவில் திரும்பியது. முனகவில்லை. மேட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் புவனேஸ்வரி பார்த்தாள். சின்னப் பிள்ளை கையிலிருந்து பலூன் நழுவினால் எப்படிப் பார்க்குமோ அப்படித் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு என்ன தோன்றியதோ. "முத்து! கட்டை போடுறா!" என்று கத்தினாள்.

"அக்கா! மேட்டுக்கு முன்னாடி நிறுத்தினா ஏறாது!"

"போடுறான்னா!"

கட்டை விழுந்தது. தேர் நின்றது. மேளம் நின்றது. பெரியவர்களில் ஒருத்தர், "நின்னுடுச்சே!" என்றார்.

"நிக்கல பெரியப்பா. நான் நிறுத்தினேன்."

பெரியவர்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். "சரி. கட்டையை எடுத்ததும் ஏறிச்சின்னா நீ நிறுத்தினது. ஏறலன்னா அதுவா நின்னது."

தான் செய்தது என்ன என்று புவனேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடுகிறதை ஓட்டுவது வேறு, உட்கார்ந்ததைக் கிளப்புவது வேறு. அதுவும் மேட்டில். குமரகுரு தலையில் கை வைத்துக்கொண்டான். "அர்ச்சனை பண்ணுங்க சித்தப்பா" என்றாள். கைலாசம் குடும்பத்தில் எல்லோர் பேரும் நட்சத்திரமும் சொன்னார். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, "புவனேஸ்வரி, பூசம்" என்றும் சேர்த்தார். தேங்காய் உடைந்தது. மோர் சுற்றி வந்தது. அவர் தட்டை இந்திராணியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றுக்கு வந்தார்.

"நீங்க எதுக்குங்க?" என்றாள் இந்திராணி.

"சாமி நிக்கும்போது சும்மா நிக்கச் சொல்றியா? வருஷா வருஷம் இங்க தம் கட்டி இழுக்கறது நானு!"

வருஷா வருஷம் இழுக்கிற பழக்கம்தான் எல்லோரையும் கவிழ்த்தது. மேடு, நின்ற தேர், கைலாசம் வீட்டு வாசல் என்று அத்தனை பேரும் காலை ஊன்றி, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அரோகரா என்று ஒரே இழுப்பாக இழுத்தார்கள். முத்துக்குமார் கட்டையை உருவினான். தேர், காத்திருந்தது போல மேட்டில் ஏறி வந்துவிட்டது. பலத்தையெல்லாம் போட்டவர்களுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. முன்வரிசை குப்புற விழ, அவர்கள் முதுகில் அடுத்த வரிசை, அதன்மேல் அடுத்த வரிசை. கைலாசம் பக்கவாட்டில் போய் இரண்டாவது மோர்ப் பானையில் உட்கார்ந்தார். முத்துக்குமார் கண் மூடித் திறப்பதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டையைப் போட்டுவிட்டான்; ஒருத்தருக்கும் சிராய்ப்புக்கு மேல் இல்லை.

விழுந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் விலக்கிக்கொண்டு எழப் பார்த்தார்கள். பிறகு மோருக்குள்ளிருந்து கைலாசம் குரல் வந்தது.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு நைனா!" என்றான் முத்துக்குமார்.

கைலாசம் சிரித்தார். அவர் சிரித்ததும் குவியலாகக் கிடந்த பங்காளிகள் சிரித்தார்கள். புவனேஸ்வரிக்கு வந்த சிரிப்பில் உடம்பு குலுங்கி, தேர்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிடித்த கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் ரோஸ் நிறம். சித்தப்பாவுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் பட்டு வேட்டியிலும் அஞ்சு விரல் பதிந்தது.

தேர் நிலைக்கு வந்தபோது பொங்கல் தயாராக இல்லை. அதனால் காத்திருந்த நேரத்தில் பெரியவர்கள் அவளை அழைத்துப் பரிவட்டம் கட்டினார்கள். "இருசு எண்ணெய், சபாபதி மக புவனேஸ்வரி வூடு" என்று மூன்று தரம் உரக்கச் சொன்னார்கள். அப்பா படம் இருந்த திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் கலையப் போகும்போது கைலாசம் எழுந்தார். வேட்டியிலிருந்து இன்னும் மோர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் உரிமை அவளுக்கு. நான் ஒத்துக்கினேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த எண்ணெயைச் சேத்துவச்சது எது?"

அவரே பதிலும் சொன்னார்.

"சுண்ணாம்பு. யாரு வூட்டுச் சுண்ணாம்பு? எங்க வூட்டுது. இனிமே வருஷா வருஷம் தேருக்குச் சுண்ணாம்பு குடுக்கற மரியாதை இளையவர் வழிக்கு. அதுக்கும் ஒரு பரிவட்டம் கட்டணும். கட்டலன்னா மூட்டையைத் தரமாட்டேன்!"

பெரியவர்கள் புவனேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் தன் தலையில் இருந்த பரிவட்டத்தை அவிழ்த்து, சித்தப்பாவைக் குனியச் சொன்னாள்.

"தலை தட்டாம அளக்கணும் சித்தப்பா. இல்லேன்னா உரிமை திரும்ப வந்துரும்."

"அளக்கறேன்மா, அளக்கறேன். இறுக்கிக் கட்டு, வழுக்குது."